தீவில் ரயில் ஓடாத நாள்

யோசுவா திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் விசாரணை கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். பாறசாலைக்குப் பக்கத்தில் பிறந்தார். ரயில்வேயில் சேர்ந்தார். நேமத்தில் தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கட்டினார். அங்கன்வாடி டீச்சரான சுசீலாபாயைக் கல்யாணம் செய்து ஒன்பது வருடம் கழித்து ஒரே பெண் பிறந்தாள். அவள் பெயர் சுமி. இவ்வளவுதான் அவர் கதை என்று போன டிசம்பர் வரை சொல்லியிருக்கலாம்.

அட்டவணையைப் பார்த்து நேரம் சொல்வதைப் பெரிய திறமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. கேட்டவன் அதைச் சரிபார்ப்பதில்லை. "மூன்றாவது பிளாட்பாரம்" என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். முகம் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லை நம்பி, வயதான தாயையும் கைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு படியேறுகிறான். யோசுவா இதை ஒரு நாளும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்லுதேன்" என்பார். ஊகித்துச் சொல்லமாட்டார். மாற்று ஆள் வந்து நாற்காலியில் உட்காராமல் எழுந்து போகவும் மாட்டார்.

பக்கத்து முன்பதிவு கவுண்டரில் இருந்தவர் கரமனை அக்கிரகாரத்து நீலகண்டன். "ஓய் யோசுவா, உம்ம கல்யாணத் தேதியைக் கேட்டா முழிப்பீர். பரசுராம் எக்ஸ்பிரஸ் இன்னிக்கு எத்தனை நிமிஷம் லேட்டுன்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவீர்" என்பார். யோசுவா சிரிக்காமல், "கல்யாணம் லேட்டா வரல்லியே சாமி, சரியான நேரத்துக்கு வந்துட்டு" என்பார். இருவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள்.

சுமி நர்சிங் படித்தாள். இரண்டாயிரத்து இருபத்தைந்து செப்டம்பரில் அயர்லாந்துக்குப் போனாள். தலைநகரான டப்ளினில் அல்ல, தென்மேற்கே மில்ஸ்ட்ரீட் என்ற சின்ன ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அந்த ஊரில் மலையாளம் பேச ரெம்யா என்ற இன்னொரு நர்ஸும் அவள் கணவனும் இருந்தார்கள். தமிழ் பேச யாரும் இல்லை. தமிழுக்கு அப்பாவும் அம்மாவும் போனில் இருந்தார்கள்.

மகள் போய்ச் சேர்ந்த மறுவாரமே யோசுவா அந்தத் தீவின் ரயில்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ரயில்வே வெளியிட்ட அட்டவணைகளை எல்லாம் தெருமுனைக் கடையில் அச்செடுத்துக்கொண்டார். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வருடம் அவர் கையாண்ட அட்டவணை தலையணை கனம் இருக்கும். அதை முழுக்கத் தெரிந்தவர் என்று ஒருவர் இருக்கமுடியாது. இந்தத் தீவின் ரயில் முழுவதும் இருபது, இருபத்தைந்து தாளில் அடங்கிவிட்டது. டப்ளினிலிருந்து கைவிரல்கள்போலப் பிரிந்து கடல்வரை போகும் பாதைகள். கடல் வந்ததும் முடிந்துவிடும். மில்ஸ்ட்ரீட்டில் ஏறினால் பான்டீர், மாலோ. மாலோவில் மாறி சார்ல்வில், லிமரிக் ஜங்ஷன், தர்ல்ஸ், போர்ட்லீஷ், கடைசியில் டப்ளின் ஹியூஸ்டன். இரண்டே மாதத்தில் எல்லாப் பாதையும் மனப்பாடம். ஒரு நாட்டு ரயில் முழுவதும் தன் தலைக்குள் இருக்கிறது என்பது, அறுபத்தாறு வயதில் அவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி.

"அவங்களுக்க பாதை நம்ம பாதையவிட மூணு இஞ்சுதான் ஒடுக்கம், கேட்டியா" என்று மனைவியிடம் சொன்னார்.

"அந்த மூணு இஞ்சும் உங்களுக்க தலையில இருந்து எடுத்துக் குடுங்க. அங்க நெறைய எடம் கெடக்கு" என்றார் சுசீலாபாய். "இஞ்ச வாசல்ல பாசஞ்சர் கூவிட்டுப் போவுது. அத ஏறெடுத்துப் பாக்க ஆளில்ல. ஏழு கடலுக்கு அந்தாண்ட ஓடுத வண்டிக்கு இவரு காவலு."

சுமி எங்காவது போகவேண்டுமென்றால் போனில் இருக்கும் செயலியைப் பார்க்கமாட்டாள். அப்பாவைக் கேட்பாள். கார்க் நகரத்துக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கியதும், டப்ளினில் பதிவு அலுவலகத்துக்குப் போனதும், அவர் சொன்ன வண்டியில்தான். "மாலோல ஒம்பது நிமிஷம் இருக்கு மக்களே. ஓடாண்டாம், நடந்தே மாறலாம்." அவள் நடந்தே மாறினாள். வண்டியில் உட்கார்ந்ததும் கூப்பிட்டு, "அப்பா, எடுத்தாச்சு" என்பாள். இங்கே நேமத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். சுசீலாபாய் போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா மோளே?" என்று கேட்பார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு வண்டியில் போவதுபோல இருந்தது என்று யோசுவா பிறகு ஒருமுறை சொன்னார்.

நவம்பரில் சுசீலாபாய்க்கு ஈரலில் புற்று என்று தெரிந்தது. முற்றிய நிலை. டிசம்பர் இருபதாம் தேதி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருபத்து நான்காம் தேதி காலை டாக்டர் வராந்தாவில் வைத்து, "மோளை வரச் சொல்லணும். ரெண்டு மூணு நாள்தான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சுமிக்கு விடுப்பு உடனே கிடைத்தது. விமானச் சீட்டுதான் இருபத்தைந்தாம் தேதிக்குக் காட்டவேயில்லை. கிறிஸ்துமஸ் கூட்டம், எல்லாம் நிறைந்திருக்கும் என்று அப்பாவும் மகளும் நினைத்துக்கொண்டார்கள். இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு டப்ளினிலிருந்து ஒன்று கிடைத்தது. வளைகுடாவில் மாறி இருபத்தேழாம் தேதி காலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரம்.

"ஏழு மணிக்கு மோள் வந்திருவா" என்று யோசுவா சொன்னதும், சுசீலாபாய் விரலை மடக்கி எண்ணினார். "மூணு ராத்திரி. கெடப்பேன்" என்றார்.

இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. மில்ஸ்ட்ரீட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டப்ளினுக்கு, இருபத்தாறாம் தேதி விடிவதற்குள் சுமி போய்ச் சேரவேண்டும்.

அன்று மாலை ஆறரை மணிக்கு அவள் கூப்பிட்டாள். அங்கே பிற்பகல் ஒரு மணி.

"அப்பா, ரெம்யாச்சேச்சியும் வீட்டுக்காரரும் இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கார்ல டப்ளின் போறாங்க. அங்க காரோட கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு, சேச்சிக்க அக்கா வீட்டுக்கு. போற வழியில என்னை டப்ளின்ல சேச்சிக்க ஒரு கூட்டுகாரி வீட்ல விடுதோம்னு சொல்லுதாங்க. ஆனா எனக்கு எட்டு மணி வரைக்கும் டூட்டி."

"மேட்ரன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா விடுவாங்க. ஆனா மாத்தி நிக்க ஆளில்ல. முகம் கறுக்கும். நாளைக்குக் காலம்பற ரயில்ல போனா யாரையும் கேக்க வேண்டாம். எது நல்லது அப்பா?"

யோசுவா சட்டைப் பையிலிருந்து மில்ஸ்ட்ரீட் பாதைத் தாளை எடுத்து மருத்துவமனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுநாள் வியாழக்கிழமை. திங்கள் முதல் சனி வரை என்ற தலைப்பின் கீழ் பதினொரு மணிக்கு ஒரு வண்டி இருந்தது. மாலோவில் மாறினால் மூன்று மணிக்குள் டப்ளின். தாளின் அடியில் சின்ன எழுத்தில், பொது விடுமுறை நாட்களில் ரயில் சேவை மாறக்கூடும் என்று ஒரு வரி. அதையும் அவர் படித்தார். அடிக்குறிப்பைப் படிக்காமல் விடுகிறவர் அல்ல அவர்.

படித்துவிட்டு, மாறுவது என்றால் கூடுவது என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கண்ட ரயில் அப்படி. ஓணமானாலும் கிறிஸ்துமஸானாலும் ஆற்றுகால் பொங்கலானாலும் ஸ்பெஷல் வண்டி விடுவார்கள், பெட்டி கூட்டுவார்கள், நிற்காத ஸ்டேஷனில் நிறுத்துவார்கள். முப்பத்தொரு கிறிஸ்துமஸில் இருபதுக்கு மேல் அவர் கவுண்டரில்தான் கழித்தார். சர்ச்சுக்கு சுசீலாபாயும் சுமியும் மட்டும் போவார்கள். காரணம், அன்றைக்குத்தான் வண்டி அதிகம், கேள்வி அதிகம். பண்டிகை நாளில் ஒரு நாட்டு ரயில் முழுவதும் நின்றுபோகும் என்ற எண்ணம் அவர் தலைக்குள் நுழைய ஒரு வாசலும் இல்லை.

"டூட்டிய விட்டுட்டுப் போவாண்டாம் மக்களே" என்றார். "புதுசாச் சேர்ந்த எடம். ஆளில்லாம போட்டுட்டுப் போறது சரியில்ல. ராத்திரி மழையில கார்ல நாலு மணி நேரம் வேற. நாளைக்குப் பதினொரு மணி வண்டிக்குப் போ. விமானம் அதுக்கடுத்த நாள்தானே. ஒரு ராத்திரி முழுக்கக் கையில இருக்கு."

"ரிசர்வ் செய்யணுமா?"

"வேண்டாம். அங்க எடம் கிட்டும். ஏறிட்டு டிக்கெட் எடுத்தாலும் போதும்."

"சரி அப்பா."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ரெம்யாவுக்கு, ரயிலில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த ரெம்யா ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினாள். வந்த நாளிலிருந்து காரிலேயே போய் வருகிறவள் ரெம்யா. முதியோர் இல்லத்தில் யாரும், நீ எப்படிப் போகிறாய் என்று கேட்கவில்லை. மலையாளிகள் கூட்டிப்போவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. யோசுவா வராந்தாவுக்கு வந்து எடுத்தார்.

"அப்பா, ஸ்டேஷன்ல யாருமே இல்ல. கதவு பூட்டிக் கெடக்கு."

"வேற வாசல் இருக்கும், பாரு."

"சுத்திப் பாத்தாச்சு. ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு." அவள் வாய்க்குள் படிப்பது கேட்டது.

"என்ன போட்டிருக்கு மக்களே?"

"இன்னைக்கும் நாளைக்கும் ரயில் இல்லன்னு."

"எந்த வண்டி இல்ல?"

"எந்த வண்டியும் இல்ல அப்பா. எல்லா வண்டியும்."

"அந்த ரூட்ல மட்டுமா?"

"அயர்லாந்துல எங்கேயும் இல்ல." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "ஒரு நாய்கூட ரோட்ல இல்ல அப்பா. பஸ்ஸும் இல்லியாம். நான் என்ன செய்ய?"

இது பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் ரயிலை ஒரு நாள் நிறுத்தவேண்டுமென்றால் எங்கே நிறுத்துவது? இன்று காலை திருவனந்தபுரத்துக்கு வரும் வண்டி, மூன்று நாளைக்கு முன்னால் அசாமில் கிளம்பியது. இன்று கிளம்புவது நாளை மறுநாள் டில்லிக்குப் போகும். எந்த ஒரு நாளை எடுத்தாலும் நேற்றின் வண்டிகள் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாளைத் தனியாக வெட்டி எடுக்க முடியாது. தீவில் முடியும். அங்கே காலையில் புறப்பட்ட வண்டி மாலையில் கடற்கரையில் முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்து சேரவேண்டியது ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு நாட்டார் கூடி, நாளை யாரும் எங்கும் போகவேண்டாம், வீட்டில் இருப்போம் என்று முடிவு செய்ய முடிகிறது. டப்ளின் விமான நிலையம்கூட அன்று மூடித்தான் கிடந்தது; சீட்டு காட்டாததற்குக் காரணம் கூட்டமல்ல. அதில் ஒரு அழகும் இருக்கிறது, மறுக்கவில்லை. யோசுவா அந்தத் தீவின் ஒவ்வொரு ஸ்டேஷனையும் தெரிந்துவைத்திருந்தார். அது தீவு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

சுமி பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்பினாள். ரெம்யாவின் கப்பல் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. வாடகைக் காருக்குப் பத்துப் பன்னிரண்டு எண்கள் கூப்பிட்டாள். எடுத்தது இரண்டு பேர். ஒருவர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். இன்னொருவர், நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன், அதற்கு முன்னால் முடியாது என்றார். எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணி விமானத்தைப் பிடிக்க முடியாது. சீட்டை இருபத்தேழாம் தேதிக்கு மாற்றினார்கள். வந்து சேர்வது இருபத்தெட்டு. ஒரு முழு நாள் போயிற்று.

முதல் போனை வைத்துவிட்டு யோசுவா அறைக்குள் போனபோது, சுசீலாபாய் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"வண்டி எடுத்தாச்சா?"

தெரியாது என்று சொல்லப் பழகிய வாய் யோசுவாவுடையது. கேட்டுச் சொல்லுதேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"எடுத்தாச்சு" என்றார்.

"எடம் கிட்டிச்சா?"

"ஜன்னல் பக்கம்."

சுசீலாபாயின் முகம் தளர்ந்தது. மூன்று நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்தபின் திரும்பிப்போக அவரால் முடியவில்லை. கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்து, "பான்டீர் தாண்டியிருக்கும்" என்றார். பிறகு, "மாலோ. எறங்கி மாறுதா. ஒம்பது நிமிஷம் இருக்கு." பிறகு சார்ல்வில். லிமரிக் ஜங்ஷன். அன்று அந்தத் தீவில் ஓடிய ஒரே ரயிலை அவர்தான் ஓட்டினார், திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து.

"பைய போவட்டும். அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் சுசீலாபாய், கண்ணை மூடிக்கொண்டு. "மழையுண்டா அங்க?"

"சின்னச் சாரல்."

"போன் போட்டுத் தாங்க. ஒரு வார்த்த பேசுதேன்."

"வண்டியில சிக்னல் கிட்டாது."

நீலகண்டன் ஏழு மணிக்குத் தெர்மாஸில் கஞ்சி கொண்டுவந்தார். யோசுவா அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். நீலகண்டன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"யாருக்கு ஓய் தோணும்?" என்றார். "ரயில் ஒரு நாள் நிக்குமா? நான் உம்ம எடத்துல இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்பெஷல் வண்டி இருக்கான்னு வேணா கூடக் கேட்டிருப்பேன். இதுல உம்ம தப்பு ஒண்ணும் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவாள்ட்ட சொன்னீரா?"

"இல்ல. வண்டி எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அதை மாத்திச் சொல்லிடும். இப்பவே போய்ச் சொல்லும். ஒரு நாள் லேட்டுன்னு சொன்னா என்ன ஆயிடும்? நாம சொல்லாத லேட்டா?"

"மூணு ராத்திரி கெடப்பேன்னு எண்ணிட்டுக் கெடக்கா சாமி. நாலுன்னு சொன்னா விட்டுருவா."

"விடமாட்டா. உமக்குத் தெரியாதது இது. தெரியாததைச் சொல்லமாட்டீரே நீர்?"

யோசுவா உள்ளே போய்விட்டார். நீலகண்டன் தெர்மாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இருபத்தாறாம் தேதி பிற்பகலிலிருந்து சுமி விமானத்தில் இருந்தாள், சுசீலாபாயின் கணக்கில். உண்மையில் அவள் எட்டு மணிக்கு வந்த காரில் டப்ளினுக்குப் போய், ரெம்யாவின் தோழி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து மூன்று முறை கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மைட்ட குடுங்க."

"உறங்குதா மக்களே."

இரண்டாவது முறை: "வீடியோ போடுங்க. உறங்குனாலும் பரவால்ல, நான் பாத்துக்கிடுதேன்."

"நர்ஸு ஊசி போடுதாங்க. பெறகு பேசலாம்."

மூன்றாவது முறை அவள் அம்மையிடம் பேசக் கேட்கவே இல்லை. "உறங்குதாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றார் யோசுவா. வைத்துவிட்டாள்.

சுசீலாபாய் உறங்கவில்லை. அந்த நாளில்தான் நன்றாக விழித்திருந்தார். விமானத்தில் என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று கேட்டார். சுமியின் சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றைப் பற்றி நர்ஸ் ஷெமியிடம் சொன்னார். மோளிடம் தர என்று தன் வளையல் ஒன்றைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு, நான்தான் கையில் போட்டுவிடுவேனே என்று திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். யோசுவா ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்தினால் திரையில் ஒரு வீட்டுச் சுவர் தெரியும். விமானம் தெரியாது.

முதல் தவறை யாரும் அவர்மீது சுமத்தமாட்டார்கள். அது நம்பிக்கையில் நேர்ந்தது. தான் வாழ்நாள் முழுதும் பார்த்த ஒன்றை அவர் நம்பினார். இரண்டாவதையும் அன்பு என்றுதான் பலர் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒருவருக்கு மிச்சமிருக்கும் நேரம் அவருடையது. அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை, நன்மை கருதிக்கூட, இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாமா? அந்தக் கேள்வி அன்று யோசுவாவுக்கும் இருந்தது. அவர் அதை மாலை வரை தள்ளினார். பிறகு காலை வரை தள்ளினார்.

இருபத்தேழாம் தேதி காலை ஏழு மணிக்கு, ஷெமியிடம் சொல்லித் தலைவாரிக்கொண்டார் சுசீலாபாய். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

"எறங்கியிருக்குமா?"

"லேட்டாம்" என்றார் யோசுவா.

"எத்தன மணிக்கூர்?"

"தெரியல்ல."

மூன்று நாளில் அவர் சொன்ன ஒரே உண்மையான பதில் அதுவாக இருக்கலாம். விமானத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்று அவருக்குத் தெரியும்; சுசீலாபாய்க்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்பதுதான் உண்மையிலேயே தெரியவில்லை. சுசீலாபாய் கதவைப் பார்த்துத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார். எட்டரைக்கு ஒருமுறை, "டாக்ஸியில வரச் சொல்லுங்க. பஸ்ஸுக்கு நிக்கப்படாது" என்றார். பத்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் முடிந்தது. தலை கதவுப் பக்கமாகவே இருந்தது.

டப்ளினில் அப்போது விடியவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் சுமி விமானம் ஏறவேண்டும். யோசுவா அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டபோது, "ஏறிட்டு வா மக்களே" என்றார். "அம்மை எப்படி இருக்காங்க?" என்று அவள் கேட்க, "வலியில்ல" என்றார்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு நீலகண்டனோடு போனார். சுமி பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டாள்.

"நீங்க ஏன் அப்பா இஞ்ச வந்தீங்க?" என்றாள். "அம்மைக்கிட்ட யாரு இருக்கா?"

அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை சர்ச் கல்லறையில் அடக்கம் நடந்தது. ஷெமி டூட்டி முடிந்து வந்திருந்தாள். கல்லறை வாசலில் சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளமும் தமிழுமாக ஆறுதல் சொன்னாள். "சேச்சி, அம்மா சந்தோஷமாத்தான் போனாங்க, கேட்டோ. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரயில்ல ஜன்னல் பக்கம் எடம் கிட்டிச்சு, வெளிய மழை, நீங்க எங்கெங்க வந்தீங்கன்னு எல்லாம் என்கிட்ட சொன்னாங்க. மறுநாள் முழுக்க விமானம், விமானம்னுதான் பேச்சு. உறங்கச் சொன்னா கேக்கவே மாட்டாங்க. எப்பவும் முழிச்சேதான்."

சுமி வீட்டுக்கு வந்து, வந்தவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்தாள். கடைசியாக நீலகண்டன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பிறகு சுமி அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் மூணு தடவ கூப்பிட்டேன். அப்பம் அம்மை உறங்கலியா?"

"இல்ல."

"மூணு தடவையும்?"

"இல்ல மக்களே. முழிச்சிருந்தா."

"பேச முடிஞ்சுதா அவங்களுக்கு?"

"முடிஞ்சுது."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டா. போன் போட்டுத் தரச் சொன்னா."

சுமி தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று யோசுவா எதிர்பார்த்தார். போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரயில் இல்லாமப் போனதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்லல்ல அப்பா" என்றாள். "நானும் பாக்கல்ல. என் போன்லயே பாத்திருக்கலாம். ஆனா அம்மைக்கு நான் பூட்டுன கதவுக்கு முன்னால நின்னு அழுதது தெரிஞ்சிருக்கணும். வர முடியாம அழுதேன்னு தெரிஞ்சிருக்கணும். ஜன்னல் பக்கம் உக்காந்து மழை பாத்துட்டு வந்த ஒருத்தியத்தான் அவங்களுக்குக் காட்டியிருக்கீங்க. அது நான் இல்ல."

யோசுவா, "ஆமா" என்றார்.

ஜனவரி பதினொன்றாம் தேதி அவள் திரும்பிப்போனாள். இடையில் இருந்த இரண்டு வாரமும் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள், மருந்து வாங்கினாள், பென்ஷன் காகிதங்களைச் சரிசெய்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு யோசுவா பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "மூணு மணிக்கு ஹியூஸ்டன்ல ஒரு வண்டி இருக்கு. கிறிஸ்துமஸ் எல்லாம் கழிஞ்சாச்சு, ஓடும். நான் விசாரிச்சாச்சு."

"வேண்டாம் அப்பா" என்றாள் சுமி. அவர் தோளைத் தொட்டாள். "ரெம்யாச்சேச்சி கார் கொண்டு வருவாங்க."

அவள் உள்ளே போனாள். யோசுவா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற ஒரு பெண்மணி, கையில் குழந்தையோடு, அவரிடம் கொச்சி விமானம் எத்தனை மணிக்கு என்று மலையாளத்தில் கேட்டார். யோசுவாவுக்குத் தெரியும், பலகையில் இருந்தது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, வேறு யாரையாவது கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.